இருநாட்டு உறவும் எம் அயலவரும்
1964ஆம் ஆண்டு இந்திய – இலங்கை ஒப்பந்தம் பற்றிய சில சிந்தனைகள்

பெரிய நாடொன்றும் சிறிய தீவொன்றும் அயலயலாய் அமைந்துவிட்டால் அவற்றிடையே உறவு இருந்தே தீரும். அது நட்பாகவும் இருக்கலாம், பிணக்காகவும் இருக்கலாம். ஒன்றையொன்று அறியாததுபோல் இருத்தல் மட்டும் இயலாது. பாரதமும் இலங்கையும் அவ்வாறு அமைந்தவை. தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையே கிடப்பது ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல்தான். அக்கடலைக் கடந்து சமயம் வந்தது, மொழி வந்தது, வணிகம் வந்தது. உழைக்கும் மக்களும் வந்தனர். அம்மக்களைப் பற்றி இரு அரசாங்கங்களும் செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்றை இக்கட்டுரையில் ஆராய விழைகின்றோம்.

“டில்லியிலே கைச்சாத்தான ஒப்பந்தத்துக்கும் கிளிநொச்சிக்கும் என்ன சம்பந்தம்?” என்று வாலிப அன்பர் சிலர் வினவக்கூடும். சம்பந்தம் மிக நெருங்கியது. எமது மாவட்டத்திலே பாரதிபுரம், மலையாளபுரம், தொண்டமான் நகர் முதலிய ஊர்களில் வாழ்வோர் பலர் மலைநாட்டிலிருந்து வந்தவர்களும் அவர்தம் மக்களுமாவர். எம்மோடு ஒரே வகுப்பில் இருந்து கற்பவர்கள், ஒரே கோயிலில் வழிபடுபவர்கள், ஒரே வயலில் அரிவு வெட்டுபவர்கள் அவர்கள். அவர்களது குடும்ப வரலாறுகளைத் தேடிச் செல்வோமாயின் அவற்றுட் பல 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆந் திகதியிலே சென்று முட்டும்.

தூதின் இலக்கணம்

எம் முன்னோர் தூதின் அருமையை நன்கு உணர்ந்திருந்தனர். வள்ளுவப் பெருந்தகை அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதியமானுக்காக ஔவைப் பிராட்டியார் தொண்டைமானிடம் தூது சென்றார். பாண்டவருக்காகக் கண்ணபிரான் அத்தினாபுரம் சென்றான். புறப்படுமுன் அவன் செய்த காரியம் யாது? தருமன் முதலிய ஐவரது எண்ணத்தையும் தனித்தனியே கேட்டறிந்தான். விரித்த கூந்தலோடு நின்ற திரௌபதியின் முறையீட்டுக்கும் செவிசாய்த்தான். யாருக்காகப் பேசப் போகின்றோமோ அவர் மனத்தை முதலில் அறிந்துகொள்ளுதல் தூதின் இலக்கணம் என்பது இதனாற் பெறப்படும். இதனையே அளவுகோலாகக் கொண்டு வரலாற்றினுட் புகுவோம்.

பிரசாவுரிமை பறிபோன கதை

1820களில் ஆங்கிலேயர் கண்டிச் சீமையிலே கோப்பித் தோட்டங்களைத் திறந்தபோது, தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டி வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே மாத்தளைவரை கால்நடையாகச் சென்றனர். நோயினாலும் பசியினாலும் வழியிலேயே மாண்டோர் பலர். கோப்பிச் செடியைக் கொடுநோய் அழித்தபின் தேயிலை வந்தது. அதற்கு இன்னும் அதிகமான கைகள் வேண்டியிருந்தன. இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தின் பெரும்பகுதி அக்கைகளிலிருந்தே வந்தது என்பது வெள்ளிடைமலை.

1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் சர்வசன வாக்குரிமை வந்தபோது அவர்களுட் பலரும் வாக்காளராயினர். அவர்தம் தொகை சிங்களத் தலைவர்கள் பலருக்கு அச்சத்தை ஊட்டியது. 1939இல் பண்டித நேரு இங்கு வந்து பேச்சு நடத்தினார். அவர் வருகையை ஒட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. அவ்வாண்டு ஓகஸ்டிலேயே இந்திய அரசாங்கம் தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்தது. இரு நாடுகளும் அப்பொழுது பிரித்தானியரின் ஆட்சியில் இருந்தமையால் பூசல் முற்றவில்லை.

சுதந்திரம் வந்தது, பூசலும் முற்றியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனோ இலங்கையிற் பிறந்தமையை நிரூபிக்குமாறு கேட்டது. பிறப்புப் பதிவு எவ்வாறிருக்கும் என்றறியாத லயத்து மக்கள் எதைக் காட்டி நிரூபிப்பர்? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செல்ல, உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. எஞ்சியோர் வாக்கையும் இழந்தனர்.

இவ்விடத்தில் எம் வன்னி மண்ணின் பெயரும் வரலாற்றில் வருகின்றது. அந்நாளில் வர்த்தக மந்திரியாக இருந்தவர் வவுனியாப் பிரதிநிதி செ. சுந்தரலிங்கம் அவர்கள். அம்மசோதா வாக்கெடுப்புக்கு வந்த வேளையில் அவர் சபையைவிட்டு வெளியேறினார். அதன் பயனாக 1948 டிசம்பரில் மந்திரிப் பதவியையும் துறந்தார். தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து திரு. செல்வநாயகம் அவர்கள் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை அமைத்தமைக்கும் இவ்விவகாரம் முக்கிய காரணமாயிற்று. எனினும், வடபுலத்தார் எல்லாரும் அன்று மலைநாட்டாரின் துயரத்தைத் தம் துயரமாகக் கொண்டனர் என்று கூற வரலாறு இடந்தரவில்லை.

நேரு காலமும் அதற்குப் பின்னும்

பண்டித நேருவின் கொள்கை தெளிவானது. தலைமுறை தலைமுறையாக இலங்கையில் வாழ்ந்து அதன் செல்வத்தைப் பெருக்கியவர்கள் இலங்கையின் மக்களே. விரும்பி விண்ணப்பிக்கும் தகுதியுடையோரை மாத்திரமே இந்தியா ஏற்கும். எவரையும் கட்டாயமாக அனுப்புதல் கூடாது என்பதே அது. 1953இல் இலண்டனில் டட்லி சேனநாயக்காவுடனும், 1954 ஜனவரியிலும் ஒக்டோபரிலும் டில்லியில் சேர் ஜோன் கொத்தலாவலையுடனும் அவர் பேசினார். உடன்பாட்டுப் பத்திரங்கள் எழுந்தன, சிக்கலோ அவிழவில்லை. இலங்கை ஏற்காதோரை இந்தியாவும் ஏற்காதபடியால், “நாடற்றவர்” என்ற புதிய சாதியொன்று மலைச் சாரல்களிலே பிறந்து வளர்ந்தது.

இவ்விவகாரம் இவ்வாறு இழுபட, ஏனைய துறைகளில் இரு நாடுகளும் கைகோத்தே சென்றன என்பதையும் மறத்தல் ஆகாது. 1954இல் கொழும்பிலே ஐந்து ஆசியப் பிரதமர்கள் கூடினர். அடுத்த ஆண்டு பாண்டுங் மகாநாட்டுக்கு அதுவே படியாயிற்று. 1962இல் இந்தியாவும் சீனாவும் இமயத்திலே பொருதபோது, திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா கூட்டுச் சேரா நாடுகள் ஆறினைக் கொழும்பிற் கூட்டி, சமாதான யோசனைகளை வகுத்து, டில்லிக்கும் பீக்கிங்குக்கும் நேரிற் சென்றார். சிறிய நாடும் பெரிய நாடுகளிடையே தூது செல்லலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

1964 மே 27ஆந் திகதி நேரு காலமானார். லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானார். வடக்கே சீனாவும் மேற்கே பாகிஸ்தானும் நெருக்கிய வேளையில், தெற்கேயுள்ள அயலவரோடாயினும் சுமுகமாயிருத்தல் வேண்டும் என்று புதுடில்லி கருதியது என்பதே வரலாற்றாசிரியர் பலர் காட்டும் காரணம். ஒக்டோபர் மாத இறுதியில் திருமதி பண்டாரநாயக்கா டில்லி சென்றார். அங்கே பேச்சு நடந்தது. 30ஆந் திகதி இரு பிரதமரும் கைச்சாத்திட்டனர்.

ஒப்பந்தத்தின் கணக்கு

அவ்வொப்பந்தம் நாடற்றவர் தொகையை 9 இலட்சத்து 75 ஆயிரம் எனக் கொண்டது. அவர்களுள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும். 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கும். எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னர் பேசப்படும். இவையெல்லாம் 15 ஆண்டுகளில் நிறைவேறல் வேண்டும். சராசரியாக ஆண்டுதோறும் 35,000 பேர் கப்பலேற, 20,000 பேர் இங்கே குடிகளாவர். ஏழுபேர் போனால் நால்வர் இருக்கலாம் என்பதே இக்கணக்கின் சாரம். 1974 ஜனவரியில் திருமதி இந்திரா காந்தியும் திருமதி பண்டாரநாயக்காவும் எஞ்சிய ஒன்றரை இலட்சத்தையும் ஆளுக்கு 75,000 எனச் சரிபாதியாகப் பங்கிட்டனர்.

பாடசாலையில் நாம் கற்ற சாலமோன் அரசன் கதை இங்கு நினைவுக்கு வருகின்றது. குழந்தையை இரண்டாக வெட்டிப் பங்கிடுக என்று அவன் கூறியது உண்மைத் தாயைக் கண்டுகொள்ளும் உபாயமாகவே, பங்கிடுவதற்காகவன்று. டில்லியிலோ பங்கீடே தீர்ப்பாய் முடிந்தது. அப்பேச்சு மேசையிலே மலைநாட்டு மக்களின் பிரதிநிதி எவருக்கும் இடம் இருக்கவில்லை. அவர்களது தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்கள் ஒப்பந்தத்தை வன்மையாக எதிர்த்தார். கண்ணன் புறப்படுமுன் கேட்ட கேள்வியை இரு அரசாங்கமும் கேட்கவில்லை.

ஒப்பந்தத்தால் நன்மையே விளையவில்லை என்று கூறுதல் நீதியாகாது. நாடற்ற நிலை என்றென்றும் நீடிக்கலாகாது என்பதை இரு அரசுகளும் முதன்முறையாக எழுத்தில் ஒப்புக்கொண்டன. 3 இலட்சம் பேருக்கேனும் இலங்கை கதவைத் திறந்தது. தாயகம் திரும்பியோருக்குத் தமிழ்நாட்டு அரசாங்கம் 1968 முதல் நீலகிரியிலே தேயிலைத் தோட்டங்களை அமைத்து வேலை கொடுத்தது. இவையெல்லாம் ஒத்துழைப்பின் கனிகளே.

கப்பலும் கண்ணீரும்

ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதங்கூட நிறையவில்லை. 1964 டிசம்பரில் வீசிய பெரும் புயல் தனுக்கோடியைக் கடலோடு கரைத்துவிட்டது. பின்னர் இராமேசுவரத்துக்கே கப்பல் சென்றது. நடைமுறைச் சட்டம் 1967இல் நிறைவேறியபின் மலைநாட்டிலிருந்து புகையிரதங்கள் தலைமன்னாரை நோக்கி வரலாயின. மேடையில் நின்றோரும் பெட்டியில் இருந்தோரும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்து அழுத காட்சிகளை முதியோர் இன்றும் கூறுவர். தந்தைக்கு ஒரு நாடு, மகளுக்கு ஒரு நாடு எனக் குடும்பங்கள் பிரிந்தன. இலங்கையையே கண்டவருக்கு இந்தியா “தாயகம்” எனப்பட்டது. அங்கு போய்ச் சேர்ந்தாலோ “சிலோன்காரர்” என்ற பெயரே கிடைத்தது.

மனிதர் மனம் கணக்குக்கு அடங்குமா? இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தோர் தொகை ஒப்பந்தம் குறித்த தொகையை எட்டவேயில்லை. இலங்கைப் பிரசாவுரிமை கேட்டோரோ இலங்கை ஏற்க உடன்பட்ட தொகையை மிகவும் விஞ்சினர். கேளாத கேள்விக்கு மக்கள் விண்ணப்பப் பத்திரத்தின் மூலம் விடையளித்துவிட்டனர். 1982இல் ஒப்பந்தங்களின் காலம் முடிந்துவிட்டது என்று இந்தியா அறிவித்தது. 1984இல் கப்பற் சேவையும் நின்றது. அதுவரை அக்கரை சேர்ந்தோர், பின் பிறந்த பிள்ளைகளையும் கூட்டின், ஏறத்தாழ நாலரை இலட்சத்தினர்.

வன்னியின் வாயில்

மூன்றாவது வழியொன்றும் இருந்தது. அது டில்லியிலும் எழுதப்படவில்லை, கொழும்பிலும் எழுதப்படவில்லை. அவ்வழி ஏ–9 வீதியாய் வடக்கே வந்தது.

1936இல் யாழ்ப்பாணத்து இட நெருக்கடியைத் தணிக்கக் குடியேற்றமாக எழுந்த ஊர் கிளிநொச்சி. இரணைமடுவின் நீர் பாய்ந்த வயல்களுக்கும் காடு வெட்டுதற்கும் கைகள் வேண்டியிருந்தன. 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னும், 1970களின் முற்பகுதியில் தோட்டங்களை வாட்டிய பஞ்சத்தின்போதும், 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களின் பின்னும் மலைநாட்டு மக்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்கு அலையலையாக வந்தனர். காந்தீய இயக்கத்தார் அவர்களுட் பலருக்குக் குடியிருக்க வகைசெய்தனர். இந்தியாவும் வேண்டாம், இடியும் நெருப்பும் விழும் தோட்டமும் வேண்டாம் என்று வந்தவர்களுக்கு வன்னி ஒரு வாயிலாயிற்று.

வாயில் திறந்தது உண்மை. திறந்தவர்கள் எல்லோரும் அவர்களைச் சரியாசனத்தில் இருத்தினர் என்பது உண்மையன்று. கூலிக்கு வயலில் இறங்கியவருட் பலருக்குச் சொந்த வயல் கிடைக்கவில்லை. நீர் பாயும் காணிகள் முன்வந்தோர் கையில் இருக்க, பின்வந்தோர் பலர் மேட்டு நிலத்திலே மழையை நம்பி வாழ்ந்தனர். “தோட்டக்காட்டார்” என்ற சொல் எம்மவர் வாயிலிருந்து எத்தனை முறை வந்திருக்கின்றது! நாடற்றவராக்கியது கொழும்பின் சட்டம். ஊரற்றவராக்கியது எமது நாவன்றோ? போர் வந்தபோது குண்டு எவரது பாட்டன் எங்குப் பிறந்தார் என்று விசாரிக்கவில்லை. 2009இல் எல்லோரும் ஒரே வழியாற் பெயர்ந்தனர்; ஒரே முகாமில் ஒரே வரிசையில் நின்றனர்.

சட்டத்தின் இறுதி வார்த்தை

1986, 1988 ஆகிய ஆண்டுகளிற் பிறந்த சட்டங்கள் நாடற்ற நிலையைப் படிப்படியாகக் குறைத்தன. இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி தொட்டு இலங்கையில் நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் அது பிரசாவுரிமை வழங்கியது. மக்களைப் பங்கிட்ட அதே திகதி, மக்களை ஏற்கும் திகதியாக மாறியமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. நடமாடும் நிலையங்கள் மூலம் பத்தே நாட்களில் ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் உரிமை பெற்றனர். அகதிகளாய் இந்தியா சென்றிருந்தோரையும் 2009ஆம் ஆண்டுத் திருத்தம் உள்ளடக்கியது. 1948இல் விழுந்த முடிச்சு அவிழ 55 ஆண்டுகள் சென்றன. மக்களிடம் தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் இத்தனை காலம் வேண்டியிருக்குமா?

பிற்கால ஒத்துழைப்பு

இதே அளவுகோலை ஏனைய உடன்படிக்கைகளுக்கும் வைத்துப் பார்க்கலாம். 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் கடல் எல்லை ஒப்பந்தங்கள் இரு அரசுகளின் பூசலைத் தீர்த்தன. கச்சதீவு இலங்கையின்பாற் சேர்ந்தது. ஆயினும் வலை வீசும் இருகரை மீனவரின் பிணக்கு அவற்றால் தீரவில்லை. 1987 ஜூலை 29ஆந் திகதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் ராஜீவ் காந்தியும் செய்த ஒப்பந்தம் மாகாண சபைகளைத் தந்தது, அமைதியைத் தரவில்லை. அங்கும் கைச்சாத்திட்டவர் இருவர். விளைவை அனுபவித்தவர் வேறு பலர்.

போருக்குப் பின் வந்த ஒத்துழைப்பில் வேறொரு போக்கும் காணப்படுகின்றது. இந்தியா உறுதியளித்த 50,000 வீடுகளில் மிகப் பெரும்பாலானவை வடக்கு, கிழக்கு மாகாணங்களில் எழுந்தன; 2012 ஒக்டோபரில் தொடங்கிய முக்கிய கட்டத்தில் 550,000 ரூபா பயனாளியிடமே தவணை தவணையாக வழங்கப்பட்டு, அவரே தம் வீட்டைக் கட்டிக்கொண்டார். வீட்டுக்குரியவரை வேலைக்கும் உரியவராக்கிய இம்முறை பாராட்டத்தக்கது. 1990இல் நின்றுபோன புகையிரதம் இந்தியக் கடனுதவியுடன் மீளமைக்கப்பட்ட பாதையில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சியை அடைந்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2015 மார்ச்சில் தலைமன்னார்ப் பாதையும் திறந்தது. ஒருகாலத்தில் மக்களை வழியனுப்பி அழுத அதே பாதை அது. 2022இல் நாடு பொருளாதாரத்தில் நிலைகுலைந்தபோது டில்லி கடன் தந்தது. தமிழ்நாடு அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியது.

எமது கடன்

இவற்றிலிருந்து நாம் கற்பது யாது? பெரிய நாட்டின் நட்பு சிறிய தீவுக்கு அவசியம். சிறிய தீவின் மானம் பெரிய நாடு காக்கவேண்டியது. ஆயினும் இருவர் நட்பின் விலையை மூன்றாமவர் செலுத்தலாகாது. மக்களைக் கேட்டுச் செய்த வேலை வீடாய் நிற்கின்றது. கேளாது செய்த வேலை ஐம்பத்தைந்து ஆண்டு வழக்காய் இழுபட்டது.

அரசாங்கங்கள் செய்வதை நாம் எல்லாம் திருத்தவியலாது. எம்மாலாவது சில உண்டு. முதலாவதாக, தலைமன்னார்ப் புகையிரதத்தையும் 1958ஐயும் 1977ஐயும் நேரிற் கண்ட முதியோர் இன்னும் எம்மிடையே உளர். அவர்கள் கூறுவதை வாலிபர் எழுதி வைத்தல் வேண்டும். பத்து ஆண்டு தாழ்த்தினால் கேட்க ஆளிராது. இரண்டாவதாக, பிறப்புப் பத்திரமும் காணி உறுதியும் இல்லாது அல்லற்படும் குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும் கந்தோருக்கு உடன்செல்லவும் கற்ற வாலிபர் முன்வரல் வேண்டும். ஒரு பத்திரம் இல்லாமையே அன்று பத்து இலட்சம் பேரின் வாழ்வைப் பறித்தது என்பதை நினைக. மூன்றாவதாக, கோயில் நிருவாக சபையிலும் விளையாட்டுக் கழகத்திலும் எமது சங்கத்திலும் அவர்களுக்குரிய ஆசனம் அவர்களுக்குக் கிடைக்கின்றதா என்று நாமே எம்மைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

பெரியோர்களே, இரு தேசங்கள் செய்யத் தவறியதை ஓர் ஊர் செய்து காட்டலாம். எம் அயலவரைப் பற்றிப் பேசுவதை விடுத்து அயலவரோடு பேசுவோம். அதற்கு ஒப்பந்தமும் வேண்டியதில்லை, கைச்சாத்தும் வேண்டியதில்லை.